காதியாரின் கதிரை: குடியேற்ற ஆட்சியில் சமய நீதிமன்றங்களின் உள்ளூர் ஆட்கள்

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் காதி நீதிமன்றம் சந்திக்கு இழுக்கப்படுகிறது. ஒரு சாரார் அதை மார்க்கம் தந்த அமைப்பாகப் பார்த்து, அதில் கைவைப்பது மார்க்கத்தில் கைவைப்பதாகும் என்கிறார்கள். மறுசாரார் அதைப் பழைய காலத்து எச்சமாகக் கண்டு ஒழிக்கச் சொல்கிறார்கள். இரு சாராருமே ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. இலங்கையில் இன்றுள்ள காதியாரின் கதிரை 1929ஆம் ஆண்டின் ஒரு கட்டளைச் சட்டத்தால் செய்யப்பட்டது. ஆங்கில ஆட்சியின் தச்சுப்பட்டறையில் செய்த கதிரை அது. அதற்கு முன்னரும் இந்த மண்ணில் சமய நீதிமன்றங்களுக்கும் சமய சபைகளுக்கும் உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் யார், அவர்களுக்கு என்ன மதிப்பு, என்ன வருமானம், எவ்வளவு அதிகாரம் என்று பார்த்தால் இன்றைய காதியாரின் நிலைமை ஓரளவு விளங்கும்.

வரலாறு படிப்பிக்கும் ஓர் ஆசிரியன் என்ற வகையில் இக்கட்டுரையைப் பாடக்குறிப்பு போலவே எழுதுகிறேன். என் கருத்து வரும் இடங்களில் அது என் கருத்து என்பது தெரியும்படி எழுதியிருக்கிறேன்.

சட்டம்பியார் வைத்திருந்த தோம்பு

தொண்டைமானாற்றின் மேற்குக் கரையில் வலிகாமம், கிழக்குக் கரையில் வடமராட்சி. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1658இல் தீவகற்பம் ஏற்கெனவே கோவிற்பற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. போர்த்துக்கேயக் கத்தோலிக்கர் கட்டிய கோவில்களை ஒல்லாந்தர் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். வடமராட்சியில் பருத்தித்துறை, உடுப்பிட்டி, கட்டைவேலி ஆகியன இத்தகைய கோவிற்பற்றுகள். ஒவ்வொரு கோவிலோடும் ஒரு பள்ளிக்கூடம், ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சட்டம்பியார்.

அந்தச் சட்டம்பியார் எழுத்தும் செபமும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் மட்டுமல்லர். கோவிற்பற்றில் யார் பிறந்தார், யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் யாரைக் கட்டினார், யார் இறந்தார் என்பதையெல்லாம் பள்ளித் தோம்பில் எழுதி வைப்பவரும் அவரே. கல்யாணம் செய்ய விரும்பும் இருவரின் பெயர்கள் அவரிடம் பதியப்பட்டு, கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று முறை கூறப்பட வேண்டும். பாதிரியார்மார் மிகக் குறைவு. முப்பதுக்கும் மேற்பட்ட கோவிற்பற்றுகளுக்கு இரண்டு மூன்று பேர் இருந்தாலே அதிகம். பாதிரியார் வராத ஞாயிறுகளில் எழுதிவைத்த பிரசங்கத்தை வாசிப்பதும் சட்டம்பியார்தான். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குக் குற்றப்பணம் விழும். அந்தக் குற்றத்தை அறிவிப்பவரும் அவரே.

இவர்களுக்கு மேலே பள்ளிகளைப் பரிசோதிக்கும் ஓர் ஆணைக்குழு இருந்தது. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று இடங்களிலும் அரச அதிகாரிகளும் பாதிரியார்மாரும் சேர்ந்திருந்த அந்தக் குழு, பள்ளிக்கூட விவகாரத்தோடு சுதேசக் கிறிஸ்தவர்களின் திருமண விவகாரங்களையும் விசாரித்தது. அதாவது அது பாதி கல்வித் திணைக்களம், பாதி சமய நீதிமன்றம். சட்டம்பியார் அதன் கிராமத்துக் கண்ணும் காதும். ஆண்டுக்கொரு முறை பாதிரியாரும் ஓர் அதிகாரியும் சுற்றுப் பயணம் வந்து தோம்பைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

ஏன் இந்தத் தோம்புக்கு இவ்வளவு மரியாதை? முதுசொத்து உரிமை, பிள்ளை சட்டபூர்வமான பிள்ளையா என்ற கேள்வி, கொம்பனியின் உத்தியோகம் எல்லாமே அதில் ஒரு வரியில் தங்கியிருந்தன. 1663இல் யாழ்ப்பாணத்தில் 62,558 கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்று பாதிரியார் பால்டேயஸ் கணக்குக் காட்டினார். அதில் உள்ளபடி நம்பியவர்கள் எத்தனை பேர் என்பதை ஊகிப்பது சிரமமில்லை. வீட்டில் விபூதி, தோம்பில் ஞானஸ்நானம் என்று வாழ்ந்தவர்கள் ஏராளம். ஆட்சி போனதும் சைவம் எவ்வளவு விரைவாகத் திரும்பி வந்தது என்பது எல்லோரும் அறிந்ததே.

இந்த இடத்தில் சட்டம்பியாரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவரும் அந்த ஊரவர். தன் மைத்துனன் கோவிலுக்கு வராததும், பக்கத்து வீட்டில் பொங்கல் நடந்ததும் அவருக்குத் தெரியும். அறிவித்தால் ஊரில் பகை, அறிவிக்காவிட்டால் மேலிடத்தில் குற்றம். அவரது வருமானத்தில் ஒரு பங்கு பதிவுக் கட்டணங்களிலிருந்தும், உறுதி எழுதுவது போன்ற வேலைகளிலிருந்தும் வந்தது. சாதாரண குடிமகன் செய்யவேண்டிய ஊழியத்திலிருந்து அவருக்கு விலக்கும் இருந்தது. சம்பளத்தைவிட இந்த விலக்கும், ஊரில் கிடைத்த முன்னிருக்கையுமே பெரிய கவர்ச்சி. ஆகவே பெரும்பாலும் நில புலம் உள்ள குடும்பங்களே இந்தப் பதவியைப் பிடித்துக்கொண்டன.

1795 செப்டம்பரில் ஆங்கிலேயர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபோது இந்த ஏற்பாடு சட்டென்று அறுந்தது. சட்டம்பிமார் கவனிப்பாரற்றுப் போக, பள்ளிகள் மூடின. அவற்றோடு கல்யாணப் பதிவும் நின்றது. சில ஆண்டுகளுக்குப் பிறகு தேசாதிபதி நோர்த் பள்ளிகளை மீண்டும் திறந்தபோது அவருக்குப் படிப்பு மட்டும் நோக்கமாக இருக்கவில்லை. பதிவேடு இல்லாமல் வழக்குகளைத் தீர்க்க முடியாது என்பதும் ஒரு காரணம். பதிவு செய்பவர் இல்லாத சமூகத்தில் முதலில் அடிபடுவது பெண்ணும் பிள்ளையும்தான் என்பதற்கு இது நம் மண்ணிலேயே கிடைக்கும் பழைய சாட்சி.

கழுத்துப் பதக்கமும் தூய இரத்தமும்

ஒல்லாந்தருக்கு முன்னிருந்த போர்த்துக்கேயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம் 1619இல் அவர்கள் கைக்குப் போனது. அப்போது கீழைத்தேசத்துப் போர்த்துக்கேய ஆட்சிப் பரப்பு முழுவதும் கோவாவில் இருந்த சமய விசாரணை மன்றத்தின் அதிகாரத்துக்குள் இருந்தது. 1560இல் தொடங்கி, இடையில் 1774 முதல் 1778 வரை நின்று, 1812இல் முற்றாக ஒழிக்கப்பட்ட மன்றம் அது. கத்தோலிக்கராகிவிட்டுப் பழைய சமயத்தை ஒளித்து அனுசரிப்பவர்களைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. யூத வழியினர், முஸ்லிம் வழியினர், இந்து வழியினர் எல்லோரும் அதன் வலையில் விழுந்தார்கள்.

அந்த மன்றத்துக்கு ஊர்களில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். விசாரணையைத் தொடங்கிச் சாட்சியம் பதியும் குருமார் ஒரு வகை. கைது செய்யவும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் உதவும் பொதுமக்கள் மறு வகை. இந்தப் பொதுமக்களைப் போர்த்துக்கேயர் 'பமிலியார்' என்று அழைத்தார்கள். மன்றத்தின் வீட்டு ஆள் என்று பொருள் கொள்ளலாம். பமிலியாருக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது, வேலையில் ஈடுபட்ட நாட்களுக்கு மட்டும் கூலி. ஆனால் சில வரிகளிலிருந்து விலக்கு, ஆயுதம் தரிக்கும் உரிமை, வழக்கு வந்தால் தனி நீதிமன்றம் என்று சலுகைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நியமிக்கும் முன் பாட்டன் பாட்டி வரை விசாரித்து, யூத இரத்தமோ முஸ்லிம் இரத்தமோ கலக்கவில்லை என்று உறுதிசெய்வார்கள். ஆகவே அந்தப் பதவிப் பத்திரம் குலத்துக்கான நற்சான்றிதழாகவும் ஆகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் பணம் சேர்த்த வியாபாரிகள் அந்தப் பதவிக்கு வரிசையில் நின்றதற்கு அதுவே காரணம். யாரையும் பிடித்துக் கொடுக்கும் ஆசை அவர்களில் பலருக்கு இருந்திராது. பதக்கத்தை அணிந்து திருவிழா ஊர்வலத்தில் முன்னுக்கு நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

காதியாரைப் பமிலியாரோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்கவேண்டாம். ஒருவர் வேட்டையாடும் மன்றத்தின் ஆள். மற்றவர் குடும்ப வழக்கைத் தீர்ப்பவர். தொழில் முற்றிலும் வேறு. நான் சொல்ல வருவது சம்பளத்துக்குப் பதிலாகக் கௌரவத்தைக் கொடுத்து ஆள் பிடிக்கும் முறையைப் பற்றி மட்டுமே. அந்த முறையை எல்லாக் குடியேற்ற ஆட்சிகளும் கையாண்டன.

1806: இரண்டு சட்டக்கோவைகள்

ஒல்லாந்தர் காலத்தில் இலங்கை முஸ்லிம்கள் சந்தேகத்துக்குரிய வியாபாரப் போட்டியாளர்களாகவே நடத்தப்பட்டார்கள். ஊழியம் என்ற கட்டாய வேலை அவர்கள் தலையில் இருந்தது. கொழும்புக் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் நிலமோ வீடோ வாங்கக்கூடாது என்று 1747இல் விதித்த தடையை ஆங்கிலேயர் 1832இல்தான் நீக்கினார்கள். ஆயினும் முஸ்லிம்களின் வாரிசுரிமை, திருமண வழக்குகளைத் தீர்க்க அவர்களுக்கென்று விதிகள் தேவைப்பட்டன. தேசாதிபதி பல்க்கின் காலத்தில் பத்தாவியாவிலிருந்து ஒரு தொகுப்பு இங்கே கொண்டுவரப்பட்டது. அதைத்தான் ஆங்கிலேயர் கொழும்பு முஸ்லிம் தலைவர்களிடம் காட்டி இணக்கம் பெற்று 1806 ஓகஸ்ட் 5ஆம் திகதி முகம்மதியச் சட்டக்கோவையாகப் பிரகடனம் செய்தார்கள். அது முதலில் கொழும்பு மாகாணத்துக்கு மட்டும் உரியது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் அதைத் தீவு முழுவதற்கும் விரித்தது.

அதே 1806இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கும் ஆங்கிலேயர் சட்ட அந்தஸ்துக் கொடுத்தார்கள். அது 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி திரட்டி, பன்னிரண்டு முதலியார்மார் சரி பார்த்த தொகுப்பு. இரண்டின் பிறப்பும் ஒரே மாதிரி. வெள்ளைக்கார அதிகாரி எழுதுகிறார், உள்ளூர்ப் பெரியவர்கள் 'ஆம், இதுவே எங்கள் வழக்கம்' என்று தலையாட்டுகிறார்கள், பிறகு அது சட்டமாகிறது. அந்தப் பெரியவர்கள் அறிஞர்களா, ஆலிம்களா என்ற கேள்வி கேட்கப்படவில்லை. அரசு ஏற்கெனவே தலைவர் என்று அங்கீகரித்தவர்கள் என்பதே தகுதி.

பெரிய வேறுபாடு ஒன்றும் உண்டு. சட்டக்கோவை வந்ததே தவிர, அதைப் பிரயோகிக்க முஸ்லிம் நீதிபதி வரவில்லை. வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்கே போனது. அங்கே ஆங்கில நீதிபதி இருப்பார். வழக்கம் பற்றிச் சந்தேகம் வந்தால் மரைக்காரையோ லெப்பையையோ அழைத்துக் கேட்பார். ஊரில் நிகாஹ் நடத்தி வைத்து, மஹரையும் கைக்கூலியையும் எழுதி, பிணக்கு வந்தால் பள்ளிவாசல் திண்ணையில் இருத்திப் பேசித் தீர்த்தவர் லெப்பைதான். ஆனால் நீதிமன்றத்தில் அவர் வெறும் சாட்சி.

ஆங்கிலச் சட்டங்கள் அந்த லெப்பைமாரை 'குருமார்' என்ற பொருள்படும் சொல்லால் குறித்தன. இஸ்லாத்தில் குருத்துவம் இல்லை என்பது அதை எழுதியவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. தங்கள் சபையில் கல்யாணம் செய்து வைப்பவர் குரு, ஆகவே இவரும் குரு. சொல்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு கருத்தும் ஒட்டிக்கொண்டு வந்தது: இவர் சடங்கு செய்பவர், தீர்ப்புச் சொல்பவர் அல்லர்.

1886ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முஸ்லிம் விவாகப் பதிவுக்கு வழிசெய்தது. கையில் பதிவேடும் மேலே ஒரு பதிவாளர் நாயகமும் வந்ததும் ஊர் லெப்பையின் நிலை சற்று மாறியது. பதிவேடு வைத்திருப்பவர், வைத்திருக்காதவர் என்று இரண்டு தரம் உண்டாயிற்று. பழைய சட்டம்பியாரின் தோம்பு வேறு உருவத்தில் திரும்பி வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடலுக்கு அப்பால் காஜிகளும் பெங்குலுகளும்

இந்தியாவில் கதை வேறு திசையில் நடந்தது. அங்கே முகலாயர் காலத்திலிருந்து காஜிகள் உண்மையான நீதிபதிகளாக இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பனி 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸின் திட்டப்படி நீதிமன்றங்களை அமைத்தபோது அவர்களை நீக்காமல், ஆங்கில நீதிபதிக்குப் பக்கத்தில் சட்டம் சொல்பவர்களாக இருத்தியது. தீர்ப்பு ஆங்கிலேயருடையது, சட்டம் மௌலவியுடையது. ஒரு நூற்றாண்டுக்குள் நூல்களும் முன்தீர்ப்புகளும் அச்சாகிக் குவிந்ததும், சட்டம் சொல்ல ஆள் தேவையில்லை என்ற நிலை வந்தது. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அந்தப் பதவிகளை ஒழித்தது. அதோடு அரசாங்கம் காஜிகளை நியமிப்பதும் நின்றது.

இங்கேதான் சென்னை மாகாண முஸ்லிம்கள் வருகிறார்கள். அரசாங்கம் நியமித்த காஜி முன்னிலையில் நிகாஹ் நடக்கவேண்டும் என்பது அங்கே ஊறிப்போன வழக்கம். காஜி யார் என்பதில் சச்சரவுகள் எழுந்தன. அதன் விளைவாக வந்தது 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம். வைசிராயின் சட்டசபையில் அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அலிகர் கல்லூரியின் நிறுவனர் சேர் செய்யது அகமது கான். அந்தச் சட்டம் முதலில் அமுலுக்கு வந்த இடமும் சென்னை மாகாணம்தான்.

சட்டம் மிகவும் சிறியது. அதன் கடைசிப் பிரிவுதான் சுவாரசியமானது. இச்சட்டத்தால் காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடைக்காது. எந்த நிகாஹுக்கும் அவர் வருகை கட்டாயமில்லை. வேறு யாரும் காஜியின் வேலையைச் செய்யத் தடையுமில்லை. முன்பக்கம் கொடுத்ததைப் பின்பக்கம் எடுத்துக்கொண்ட சட்டம்! இருந்தும் பதவி வாழ்ந்தது. இன்றும் தமிழ்நாட்டில் பிறை அறிவிப்பு தலைமைக் காஜியிடமிருந்தே வருகிறது. அதிகாரம் இல்லாத பதவிக்கு ஊர் தானாகவே ஓர் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது.

தமிழ் முஸ்லிம்கள் பெருமளவில் குடியேறிய பினாங்கு, சிங்கப்பூரிலும் அதே 1880இல் முகம்மதிய விவாகக் கட்டளைச் சட்டம் வந்தது. ஆளுநர் நியமிக்கும் காதிமார் விவாகங்களைப் பதிவு செய்யலாம் என்றது அது. யாவாவில் ஒல்லாந்தர் 1882இல் 'குருமார் சபை' என்ற பெயரில் முஸ்லிம் சமய நீதிமன்றங்களை அமைத்தார்கள். அந்தப் பெயர் பிழை, இஸ்லாத்தில் குருமார் கிடையாது என்று சொன்னவர் ஒல்லாந்த அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோனியே. அந்தச் சபைத் தலைவரான பெங்குலு பொது நீதிமன்றத்தில் ஆலோசகராக அமர்ந்தால் அரசு சம்பளம் கொடுத்தது. அவரே சமய நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தால் சம்பளம் இல்லை. நிகாஹ் கட்டணம் போன்ற வரும்படியில் பிழைக்கவேண்டும். ஐரோப்பியருக்கு உதவும் நேரத்துக்குக் கூலி, தன் சமூகத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் நேரத்துக்குக் கௌரவம். பிறகு பெங்குலு காசு வாங்குகிறார் என்று பழியும் அவர்மேலேயே விழுந்தது.

1929: கதிரை வருகிறது

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துப் பதிவுக் கட்டளைச் சட்டம் முதன்முறையாகக் காதி என்ற நீதி அலுவலரை ஏற்படுத்தியது. சட்டம் நிறைவேறியும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. 1937ஆம் ஆண்டு பிறந்தபோதுதான் வந்தது. விவாகரத்து, மஹர், தாபரிப்பு போன்ற வழக்குகள் பொது நீதிமன்றப் படிகளிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தன. ஓர் ஏழைப் பெண் சட்டத்தரணிக்குக் காசு கட்டாமல், தனக்குத் தெரிந்த மொழியில், தன் ஊரிலேயே முறையிடலாம். இது சிறிய நன்மை அல்ல. இன்று இந்த அமைப்பை விமர்சிப்பவர்கள் இதை மறக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1954 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் அமுலில் இருக்கிறது. காதி, விசேட காதி, மேன்முறையீட்டுக்கு ஐந்து பேர் கொண்ட காதிகள் சபை, அதற்கு மேல் உயர் நீதிமன்றங்கள் என்ற ஏணி அதனோடு முழுமையானது. சட்டத்தின் பெயர் மாறியது, நாட்டின் கொடி மாறியது. காதி யார் என்பதற்கான விளக்கம் குடியேற்ற காலத்து மணத்தோடு அப்படியே நின்றது. நல்லொழுக்கமும் அந்தஸ்தும் தகுந்த தகைமையும் உள்ள முஸ்லிம் ஆண் ஒருவரைக் காதியாக நியமிக்கலாம் என்கிறது சட்டம்.

இந்த வசனத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். சட்டப் படிப்பு வேண்டும் என்று இல்லை. மார்க்கக் கல்வி இன்ன அளவு வேண்டும் என்றும் இல்லை. 'அந்தஸ்து' என்ற சொல் இருக்கிறது. மாவட்ட நீதிபதியை நியமிக்கும்போது அவருக்கு ஊரில் அந்தஸ்து உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பதவியே அந்தஸ்தைக் கொடுக்கும். காதி விடயத்தில் தலைகீழ். ஏற்கெனவே அந்தஸ்து உள்ளவரைத் தேடிப் பிடித்தால் அவர் தன் அந்தஸ்தைப் பதவிக்குக் கடன் கொடுப்பார், அரசு செலவழிக்கவேண்டியதில்லை. மரைக்காரையும் முதலியாரையும் பிடித்த அதே தூண்டில்தான் இது.

விளைவை நாடு முழுவதும் பார்க்கலாம். இலங்கையில் ஏறத்தாழ 65 காதிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஒரு சிறு கொடுப்பனவு. நீதிமன்றக் கட்டடம் இல்லாததால் பலர் வீட்டு விறாந்தையிலும், பள்ளிவாசல் அறையிலும், வார இறுதியில் வகுப்பறையிலும் வழக்கு விசாரிக்கிறார்கள். எழுதுவினைஞர் வசதி மிகக் குறைவு. ஓய்வுபெற்ற அதிபர்களும் அரச உத்தியோகத்தர்களும் மௌலவிமாரும் அதிகம் இப்பதவிக்கு வருகிறார்கள். அவர்களில் ஊருக்காக இரவு பகல் பாராமல் ஓடுபவர்கள் உண்டு. பெண் வாய் திறக்க முன்னரே தீர்ப்பை மனதில் எழுதிவிடுபவர்களும் உண்டு. இரண்டு வகையினருக்கும் கொடுப்பனவு ஒன்றே, மேற்பார்வையும் ஒரே அளவு குறைவு.

அதிகாரத்தின் நிலையும் இதுதான். தாபரிப்புக் கட்டளை இட்டும் கணவன் கட்டாவிட்டால் காதியார் தானே அறவிட முடியாது. நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி, தண்டப்பணம் போல அறவிடவேண்டும். கைக்குழந்தையோடு காதியாரிடம் அலைந்த பெண் பிறகு நீதவான் நீதிமன்றத்துக்கும் அலைகிறாள். சட்டத்தரணி காதி முன்னிலையில் தோன்ற முடியாது என்ற விதி செலவைக் குறைக்க வந்தது. ஆனால் வாய்ப்பேச்சில் வல்லவனான கணவனுக்கு முன்னால் அந்த விதி யாருக்கு உதவுகிறது என்று யோசிக்கவேண்டும்.

பெண்கள் காதியாக, ஜூரியாக, விவாகப் பதிவாளராக, காதிகள் சபை உறுப்பினராக வரமுடியாது என்பதும் இந்தச் சட்டத்தில் உள்ளதே. இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். இமாம் அபூ ஹனீபாவின் மத்ஹபில் பெண் சில வழக்குகளில் நீதிபதியாகலாம் என்ற கருத்து உண்டு. ஷாபி மத்ஹபில் அது ஏற்கப்படவில்லை. காதி பதவிக்கு முடியாது என்றே வைத்துக்கொண்டாலும், பதிவேட்டில் பெயர் எழுதும் பதிவாளருக்கு ஏன் முடியாது? பதிவாளர் நீதிபதி அல்லர். அந்தத் தடைக்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடுவதைவிட, பெண் எழுதுவினைஞரையே கண்டிராத அன்றைய கச்சேரியில் தேடினால் விரைவில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது. உறுப்பினர்கள் பல விடயங்களில் இரண்டாகப் பிரிந்தார்கள். 2021இல் அமைச்சரவை காதி முறையையே நீக்கும் திசையில் தீர்மானம் எடுத்தபோது, அதுவரை சீர்திருத்தத்தை எதிர்த்தவர்கள் பலர் திடுக்கிட்டு, திருத்தலாம் ஒழிக்கவேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பதவியை எழுபது ஆண்டுகள் சம்பளமும் பயிற்சியும் கட்டடமும் இல்லாமல் வைத்திருந்துவிட்டு, அது சரியாக வேலை செய்யவில்லை என்று கூறி மூடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் ஆசிரியரும் கொடுக்காமல் சோதனை முடிவு மோசம் என்று பூட்டுவது போன்றது அது. அதே நேரம், குறைகள் எதுவுமில்லை என்று கதிரையைப் புனிதப்படுத்துபவர்களும் அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை.

வடபுலத்தின் தனிக் கவலை

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இதில் வேறு எவருக்கும் இல்லாத ஒரு கவலை உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். உறுதிகளையும் சான்றிதழ்களையும் தேடி எடுக்க நேரம் கிடைத்தவர்கள் சிலரே. புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் கொட்டில் போட்ட பிறகு, தான் இன்னாரின் மனைவி, இது இன்னாரின் பிள்ளை என்று காட்டுவதற்கே கடதாசி தேட வேண்டியிருந்தது. ஊரில் நிகாஹ் நடத்திய லெப்பையும் சாட்சி வைத்தவர்களும் வெவ்வேறு திசைக்குச் சிதறிப்போனார்கள்.

பதிவு செய்யாததனால் மட்டும் முஸ்லிம் விவாகம் செல்லாமல் போகாது என்பது எங்கள் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. நல்ல நோக்கத்தில் வந்தது. ஆனால் பாடசாலை அனுமதிக் காலத்தில் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் வரும் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தால் அதன் மறுபக்கம் தெரியும். பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்கும் கூடு ஒன்று அதில் இருக்கிறது. நிகாஹ் ஊரறிய நடந்திருக்கும், விருந்தும் நடந்திருக்கும், ஆனால் பதிவு இல்லாததால் அந்தக் கூட்டில் 'இல்லை' என்று விழுந்திருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறது. கணவன் விட்டுப் போனால் தாபரிப்பு வழக்கில் முதலில் கேட்கப்படுவதும் அதே கடதாசிதான்.

ஒல்லாந்தரின் தோம்புகள் சில கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன. 300 வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணக் கோவிற்பற்றில் நடந்த கல்யாணத்தைத் தேட ஓர் இடம் இருக்கிறது. 1937 முதல் 1990 வரை வடக்கில் காதிமாரும் பதிவாளர்மாரும் எழுதியவை அப்படி ஓரிடத்தில் திரட்டப்பட வேண்டும். காதியாராகவோ பதிவாளராகவோ லெப்பையாகவோ இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் வாப்பாவோ அப்பாவோ எழுதிய நிகாஹ் கொப்பி, கடுத்தப் புத்தகம், வழக்குக் குறிப்பு, அழைப்பாணைத் துண்டு எதுவாக இருந்தாலும் கறையான் தின்ன முன்னர் ஒரு படம் எடுத்து வையுங்கள். பெண்களின் பெயர்கள் உள்ள பக்கங்களை முதலில் எடுங்கள். மற்றப் பெயர்களைக் காணி உறுதிகளில் தேடிக்கொள்ளலாம்.